சமைக்கிறவள் தலைக்குள் ஓடும் கணக்கு

எங்கள் வீட்டில் அடுப்பு பற்றாத நாள் என்று ஒன்று இருந்ததில்லை. பிள்ளைகள் வெறும் வயிற்றோடு படுத்ததும் இல்லை. அப்போது யாராவது வந்து "வீட்டில் சாப்பாட்டுக்குக் கஷ்டமா?" என்று கேட்டிருந்தால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும். ஆனால் போதுமான சாப்பாடு தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதி இல்லாத நிலையை 'உணவுப் பாதுகாப்பின்மை' என்று பொதுச் சுகாதாரத் துறையில் சொல்கிறார்களே, அதற்கு நடுவில்தான் நாங்கள் குடியிருந்தோம். அது முதலில் கைவைத்தது என் தூக்கத்தின் மேல். வயிற்றுக்கு வந்து சேர வெகுநாள் ஆனது.

கணவரின் மாதச் சம்பள வேலை போய், வேலை கிடைக்கிற அன்றைக்குத்தான் காசு என்று ஆன பிறகு தொடங்கியது இது. வருமானம் குறைந்தது ஒரு கஷ்டம் என்றால், எப்போது வரும் என்று தெரியாமல் போனது அதைவிடப் பெரிய கஷ்டம். குறைவாக வந்தாலும் தேதி தெரிந்தால் ஒரு திட்டம் போடலாம். தேதியே இல்லாத காசை வைத்து என்ன திட்டம் போடுவது? என் தலைக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தது. இன்று இவ்வளவு எடுத்தால் நாளைக்கு எவ்வளவு மிஞ்சும்? நாளை மறுநாளும் இவருக்கு வேலை இல்லையென்றால்? பெரியவளுக்கு மதியத்துக்குக் கொடுத்தனுப்ப வேண்டுமே, அத்தை மாத்திரை போடுவதற்கு முன்னால் வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டுமே. துணி துவைக்கும்போது ஓடும். பேருந்துக்கு நிற்கும்போது ஓடும். பின்னிரவில் முழிப்பு வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

அந்தக் கணக்கில் எப்போதும் துண்டு விழும். விழுந்த இடத்தை என் பங்கை வைத்து அடைப்பேன். "எனக்குப் பசிக்கல." "சமைக்கும்போதே வாயில போட்டுக்கிட்டேன்." "மத்தியானமே லேட்டாத்தான் சாப்பிட்டேன்." இந்த மூன்று வாக்கியத்தையும் மாற்றி மாற்றிச் சொல்லியே பல மாதம் ஓட்டியிருக்கிறேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குடித்தனம் நடத்துவதைப் பாராட்டிப் பேசுவதைக் கேட்டே வளர்ந்தவள். அதைத் தியாகம் என்றெல்லாம் நினைக்கவில்லை, வீட்டு வேலையில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவரும் இதையேதான் செய்துகொண்டிருந்தார். "வெளியில சாப்பிட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டு வந்து படுத்துவிடுவார். சாப்பிட்டிருக்க மாட்டார். அத்தை பாதித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு "வயசாச்சுல்ல, முன்ன மாதிரி இறங்க மாட்டேங்குது" என்பார். ஒரே கூரைக்குக் கீழே மூன்று பெரியவர்கள், மூன்று பேரும் ஒருவரிடம் ஒருவர் மறைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் தாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு.

பிற்பாடு, நிலைமை கொஞ்சம் சீரானபோது, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதுகிற கணக்கெடுப்பு வேலை ஒன்று எனக்குக் கிடைத்தது. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு உருவாக்கிய எட்டுக் கேள்விகள் கொண்ட அளவுகோல் அதில் இருந்தது. 2014இலிருந்து ஏறக்குறைய 150 நாடுகளில் இதே எட்டுக் கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். பயிற்சியின்போது தாளைக் கையில் கொடுத்தார்கள். கடைசிக் கேள்வி, காசில்லாததால் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பது. அதற்கு முன்னால், பசித்தும் சாப்பிடாமல் இருந்தது, வீட்டில் உணவே தீர்ந்துபோனது, தேவையைவிடக் குறைத்துச் சாப்பிட்டது, ஒரு வேளையை விட்டது, ஒரே மாதிரியான உணவையே சாப்பிட்டது, சத்தானதைச் சாப்பிட முடியாமல் போனது. முதல் கேள்வி இது: கடந்த 12 மாதங்களில், பணமோ வேறு வசதியோ இல்லாததால், சாப்பாட்டுக்குப் போதாமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டதுண்டா?

அளவுகோல் கவலையில்தான் ஆரம்பிக்கிறது. இதை யாரோ மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தி ராடிமரும் அவருடைய சகாக்களும் நியூயார்க் மாநிலத்தில் வருமானம் குறைந்த 32 பெண்களிடம் விரிவாகப் பேசினார்கள். 1990இல் அந்த ஆய்வு வெளியானது. பசி என்றால் உங்களுக்கு என்ன என்று கேட்டபோது, அந்தப் பெண்கள் சாப்பாட்டின் அளவைப் பற்றி மட்டும் பேசவில்லை. தரம் கெட்டது, தீர்ந்துவிடுமோ என்ற பதற்றம், மற்றவர்களைப் போல முறையாகச் சாப்பாட்டைத் தேடிக்கொள்ள முடியாத கூச்சம் என்று எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னார்கள். குறை வரும்போது ஒரு வரிசை இருப்பதும் தெரிந்தது. முதலில் கவலை, அப்புறம் தரத்தைக் குறைப்பது, அப்புறம் பெரியவர்கள் அளவைக் குறைப்பது, எல்லாம் போய்க் கடைசியில்தான் பிள்ளைகளின் தட்டு. பின்னால் வந்த அளவுகோல்கள் பலவற்றுக்கும் அந்தப் பெண்கள் சொன்னதுதான் அடித்தளம். படிக்கும்போது, என் வீட்டை யாரோ எட்டிப் பார்த்து எழுதியது போல இருந்தது எனக்கு.

அதனால் இந்த விஷயத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். ஒரு வீட்டில் உணவுக்குத் தட்டுப்பாடு வந்தால், அதை முதலில் வாங்கிக்கொள்வது பங்கு பிரிக்கிறவளின் மனசு. பிள்ளைகள் எடை குறையவில்லை, வீட்டில் யாரும் மயங்கி விழவில்லை என்பதை வைத்து "ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டினால், அவளைக் கணக்கில் விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

அந்தக் கவலை மனிதரை என்ன செய்கிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே நடந்த ஒரு ஆய்வு இருக்கிறது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் அறுவடைக்கு முன்னால் ஒரு முறையும் அறுவடை முடிந்து காசு வந்த பிறகு ஒரு முறையும் யோசிக்கும் திறனைச் சோதித்துப் பார்த்தார்கள். 2013இல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது. அதே ஆள், அதே புதிர் வகை. ஆனால் கையில் காசில்லாத காலத்தில் மதிப்பெண் தெளிவாகக் குறைந்தது. மூளை மழுங்கிவிட்டது என்பதல்ல இதன் பொருள். மூளையின் ஒரு பகுதி வேறொரு வேலையில் ஓயாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. கதவைப் பூட்டினோமா, பையனுக்குக் கையெழுத்துப் போட்டோமா என்று நான் தடுமாறிய நாட்களில் "உனக்கு மறதி வந்துடுச்சு" என்றார்கள். மறதி இல்லை. இடம் காலி இல்லை.

பசியும் தன் பங்குக்கு மனசைப் பிடித்து ஆட்டும். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து ஒரு பரிசோதனை நடத்தினார். தாமாக முன்வந்தவர்கள். 24 வாரங்கள் அரைப் பட்டினி. எரிச்சல், மனச்சோர்வு, யாரோடும் சேராமல் ஒதுங்குவது, நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைப்பது என்று அத்தனையும் வந்தது. அவர்களுக்கு வறுமை இல்லை, பிள்ளைகள் இல்லை, அவமானம் இல்லை. பட்டினி எந்தத் தேதியில் முடியும் என்பதும் தெரியும். இத்தனை சாதகம் இருந்தே அப்படி என்றால், தேதி தெரியாதவள் கதி என்ன என்று நான் சொல்லவேண்டியதில்லை.

என் விஷயத்தில் எரிச்சல்தான் முதலில் வெளியே தெரிந்தது. அழுகை இல்லை. மனச்சோர்வு என்றாலே மூலையில் உட்கார்ந்து அழுவது என்று ஒரு படம் எல்லார் மனதிலும் இருக்கிறது. நான் நாள் முழுக்க ஓடிக்கொண்டுதான் இருந்தேன். கரண்டி பாத்திரத்தின் அடியில் உரசும் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கும். இன்னொரு முறை போட்டுக்கொள்ள யாராவது கையை நீட்டினால் உள்ளே சுருக்கென்று இருக்கும். வீட்டுக்கு யாரோ வருவதாகச் சொன்னால் அன்று முழுக்க வயிற்றைப் பிசையும். போன் அடித்தால் எடுக்காமல் விட்டேன். அக்கா கூப்பிட்டால், "உடம்பு சரியில்லைக்கா" என்று வெட்டிவிட்டேன். எனக்கே பிடித்தமான வேலைகள் எல்லாம் ருசி கெட்டுப் போயின. மாதவிடாய் நாட்களில் எழுந்து நிற்கவே முடியாது. இத்தனையும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

கடைசியில் மருத்துவரிடம் போனேன். எந்த மருத்துவமனை என்பது முக்கியமில்லை. நேரமில்லாத மருத்துவர், நீண்ட வரிசை. "டென்ஷனைக் குறைங்க, நல்லா சத்தா சாப்பிடுங்க, ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மருந்து வாங்கும் இடத்துக்குத் திரும்பும்போது அங்கிருந்த நர்ஸ் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். வயதில் மூத்தவர். "ஏம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதே. இந்த மாசம் சாப்பாட்டுச் சாமான் கடைசி வரைக்கும் வந்துச்சா? நடுவுலயே தீர்ந்துடுமோன்னு பயந்துக்கிட்டே இருக்கியா?" என்று கேட்டார். அவ்வளவுதான், அதுவரை வராத அழுகை வந்துவிட்டது.

அவர் கேட்டது ஏதோ போகிறபோக்கில் வந்த கேள்வி என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். கணக்கெடுப்பு வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, கிட்டத்தட்ட அதே இரண்டு கேள்விகளை வைத்தே உணவுப் பாதுகாப்பின்மையைக் கண்டுபிடிக்கும் முறை ஒன்று 2010இலிருந்து மருத்துவ இதழ்களில் இருக்கிறது. கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

அந்த ஒரு நிமிடம் ஏன் அவசியம் என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். மனச்சோர்வைக் கண்டறிய உலகம் முழுக்கப் பயன்படும் ஒன்பது கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. கடந்த இரண்டு வாரங்களில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். அதில் தூக்கம், களைப்பு, சாப்பாட்டு நாட்டம் என்று மூன்று கேள்விகள். குறைவாகச் சாப்பிடுகிற பெண்ணுக்கு இந்த மூன்றும் மனச்சோர்வு இல்லாமலேயே வரலாம். மனச்சோர்வோடு சேர்ந்தும் வரலாம். வீட்டில் சாப்பாட்டு நிலைமை என்னவென்று தெரியாமல் மதிப்பெண்ணை மட்டும் கூட்டினால் இரண்டு பக்கமும் தவறிப்போக வாய்ப்பு இருக்கிறது. பசிக்குத் தூக்க மாத்திரை கிடைக்கும். அல்லது, "சாப்பிட்டா சரியாயிடும்" என்று நிஜமான மனச்சோர்வைத் தட்டிக்கழித்துவிடுவார்கள்.

அந்த நர்ஸ் சொல்லித்தான் ரத்தப் பரிசோதனை செய்தேன். ஹீமோகுளோபின் மிகக் குறைவு. கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உலகில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஏறக்குறைய 30% பேருக்கு அது இருக்கிறது என்பதும் அவர்கள் 2019க்குச் சொன்ன கணக்கு. இரும்புச்சத்து ரத்தத்துக்கு மட்டும் வேண்டியதில்லை. மனநிலையோடு தொடர்புள்ள செரடோனின், டோபமின் என்ற இரண்டு ரசாயனங்களை மூளை தயாரிப்பதற்கும் அது வேண்டும். ஃபோலேட், பி12 என்ற வைட்டமின்கள் குறைந்தாலும் களைப்பும் மனச்சோர்வும் வரலாம். அதனால் மனசு சரியில்லை என்று டாக்டரிடம் போகிற பெண்களுக்கு நான் சொல்வது, ரத்த அளவு, பி12, தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்களாகவே எழுதிக் கொடுப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, மாத்திரை. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் சில வெறும் வயிற்றில் குமட்டும். வேறு சில மனநல மருந்துகள், சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பில் சேரும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர்களுக்கு, சாப்பாடு, உப்பு, தண்ணீர் திடீரென்று குறைந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஆபத்தான நிலைக்கு ஏறிவிடலாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு ஒரு வேளையை விட்டால் மயக்கம் வரை போகும். ஆகவே "எனக்குத் தினமும் மூன்று வேளை உறுதியில்லை" என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கும். ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், நான் பார்த்த பெண்களில் பலருக்கு அது சுலபமாக இருந்திருக்கிறது. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்பதையும், நன்றாகிவிட்டது என்று சட்டென்று நிறுத்தக் கூடாது என்பதையும் யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

வீட்டுக்குள் மாற்றம் வந்தது பெரியவளால். ஒருநாள் இரவு தட்டை நகர்த்திவிட்டு, "எனக்குப் பசிக்கலம்மா, தம்பிக்குக் குடு" என்றாள். நான் சொல்லும் அதே இழுவையோடு. அவளிடம் நாங்கள் எதையுமே சொன்னதில்லை. பிள்ளைகளுக்குத் தெரியாமல் காப்பாற்றுகிறோம் என்று பெற்றோர்கள் நினைக்கிறார்கள். ஆனால் 2011இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிள்ளைகளிடம் நேரடியாகவே பேசியபோது, அவர்களுக்கு வீட்டு நிலைமை நன்றாகவே தெரிந்திருந்தது, தங்கள் பங்குக்குச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வதும் நடந்தது. பெற்றோருக்குத்தான் அது தெரியவில்லை.

அத்தைதான் அன்றைக்கு வாய் திறந்தார். "போதும்மா இந்த நாடகம். யார் யார் என்ன சாப்பிட்டோம்னு இன்னிக்கு உண்மையைச் சொல்லுங்க" என்றார். அந்தப் பேச்சுக்குப் பிறகு, என் தலைக்குள் இருந்த கணக்கை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். என்னென்ன இருக்கிறது, எத்தனை வேளைக்கு வரும், எது முதலில் தீரும், காசு எப்போது வர வாய்ப்பு. தினமும் அதைத் திருத்துவது கணவரின் வேலை, என் வேலை இல்லை. இருந்தது என்னவோ அதே சாமான்தான், ஒரு பிடி கூடவில்லை. ஆனாலும் பின்னிரவு முழிப்பு குறைந்தது. தலையிலிருந்த மூட்டையில் ஒரு முனையை வேறொருவர் பிடித்ததும் கழுத்து நிமிரும், அப்படித்தான் இருந்தது. இதை நான் சந்தித்த வேறு வீடுகளிலும் சொல்லிப் பார்த்தேன். ஒத்துவந்த வீடும் உண்டு, தாளைப் பார்த்துவிட்டு "ஏன் இவ்வளவு செலவு பண்ணினே?" என்று சண்டை மூண்ட வீடும் உண்டு. கணக்கைப் பகிர்வது வேறு, கணக்குக் கேட்பது வேறு. அதைப் புரிந்துகொள்ளாத ஆளிடம் தாளைக் கொடுக்காதீர்கள். சகோதரியோ தோழியோ, நம்பிக்கையான வேறு ஒருவரிடம் கணக்கைச் சொன்னால்கூடப் பாதி பாரம் இறங்கும்.

இரண்டாவது ஏற்பாடு, பங்கு பிரிக்கும்போது என் தட்டும் மற்றவர்களின் தட்டோடு சேர்ந்து நிரம்ப வேண்டும் என்பது. அத்தையின் கட்டளை. "மிச்சத்தைச் சாப்பிடறவளுக்குன்னு ஒரு நாளும் மிஞ்சாது. இப்பவே உக்காரு." அளவு எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் ஒரே ஆள் முழுசாகக் குறைவதும், எல்லாரும் சிறிதளவு குறைவதும் உடம்புக்கு ஒன்றல்ல. கர்ப்பிணியோ பால் கொடுப்பவளோ வீட்டில் இருந்தால், அவள் தட்டில் கை வைப்பது கடைசியிலும் கடைசியாக இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், குழந்தை பெற்ற பெண்களில் உலக அளவில் சுமார் 13% பேருக்கும் வளரும் நாடுகளில் சுமார் 20% பேருக்கும் மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது. அந்த நேரத்தில் பட்டினியும் சேர்ந்தால் தாங்காது.

ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். வீட்டில் இருந்தும் ஒரு பெண்ணுக்குச் சாப்பாட்டைக் கொடுக்காமல் வைப்பது, பூட்டி வைப்பது, தண்டனையாக நிறுத்துவது எல்லாம் தட்டுப்பாட்டில் சேராது. அது வன்முறை. அங்கே தாள் ஒட்டுவதும் பேசிப் பார்ப்பதும் உதவாது. பெண்களுக்கான பாதுகாப்பு உதவியைத்தான் தேட வேண்டும்.

மனச்சோர்வு பசியைக் கொண்டுவருமா, பசி மனச்சோர்வைக் கொண்டுவருமா என்று சிலர் கேட்பார்கள். இரண்டும்தான். சோர்ந்துபோனவளால் வேலை தேடிப் போக முடியாது, உதவி கேட்டு வரிசையில் நிற்க முடியாது, படிவம் நிரப்ப முடியாது, அதனால் இருப்பதும் குறையும். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தொடர்பு அழுத்தமானது. 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மூன்று வயதுப் பிள்ளைகளின் தாய்மார்கள் 2,870 பேரைப் பார்த்தது. உணவுக்குக் கவலையில்லாத வீட்டுத் தாய்மார்களில் 16.9% பேருக்குத் தீவிர மனச்சோர்வோ பதற்றக் கோளாறோ இருந்தது. உணவு உறுதியில்லாத வீடுகளில் அது 30.3%. அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் நடத்தைச் சிக்கல்களும் கூடுதல். 149 நாடுகளின் தரவை வைத்து 2017இல் வந்த இன்னொரு ஆய்வு, உணவுப் பாதுகாப்பின்மை ஒவ்வொரு படி ஏற ஏற மனநலமும் படிப்படியாக மோசமாவதைக் காட்டியது. ஏழை நாடு, பணக்கார நாடு என்ற வித்தியாசம் இதில் இல்லை.

"அப்படியானால் சாப்பாட்டைக் கொடுத்தால் போதும், பேச்சு சிகிச்சையெல்லாம் வசதியானவர்களுக்கு" என்று என்னோடு வேலை பார்த்தவர்களே சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டி வட்டாரக் கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் என்ற மனநல மருத்துவரும் குழுவினரும், மனச்சோர்வில் இருந்த 903 தாய்மார்களிடம் ஒரு முயற்சி செய்தார்கள். மனநல நிபுணர்கள் இல்லை, ஊர்ப் பெண் சுகாதாரப் பணியாளர்களே பயிற்சி பெற்று வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, அந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 23% பேர்தான் மனச்சோர்வில் இருந்தார்கள், வழக்கமான வருகை மட்டும் கிடைத்தவர்களில் 53%. 2008இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் வந்தது இது. அந்தப் பெண்களின் வறுமை அந்த ஆறு மாதத்தில் ஓடிப்போய்விடவில்லை. வறுமைக்கு நடுவிலும் பேச்சு வேலை செய்யும். அதேபோல, கென்யாவில் நிபந்தனையில்லாமல் பணம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், உணவு நிலைமையோடு மனநலமும் முன்னேறியது. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுக்க வேண்டியதில்லை. இரண்டையும் கேட்கலாம், இரண்டும் உரிமைதான்.

கேள்வி கேட்கிற வேலைக்குப் போய் நான் கற்றுக்கொண்டது வேறு வகை. கணவரோ மாமியாரோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எட்டுக் கேள்விக்கும் "இல்லை"தான் பதில். புறப்படும்போது அதே பெண் வாசல் வரை வந்து, "நீங்க கேட்டீங்களே…" என்று ஆரம்பிப்பாள். அதனால் தெரிந்தவர், உறவு என்று யாரிடமாவது கேட்க நினைத்தால், தனியாக இருக்கும்போது கேளுங்கள். "சாப்பாட்டுக்குக் கஷ்டமா?" என்று கேட்டால் மானம் குறுக்கே வந்து நிற்கும். "இப்பல்லாம் மாசக் கடைசி வரை இழுத்துப் பிடிக்கறது எல்லாருக்கும் பாடா இருக்கு, உனக்கு எப்படி?" என்று கேட்டால் பதில் வரும். "நல்லா இருக்கியா?" என்பதற்குப் பதில், "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே?" என்று அவளைப் பற்றி மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் சாப்பிட்டதைத்தான் முதலில் சொல்வாள். விடாமல், "நீ?" என்று கேட்க வேண்டும்.

உதவுவதாக இருந்தால் எல்லார் முன்னாலும் பையை நீட்டாதீர்கள். தேதி சொல்லிக் கொடுங்கள். "ஏதாவது வேணும்னா கேளு" என்பது உதவியே இல்லை, கேட்கிற பாரத்தையும் அவள் தலையிலேயே வைப்பது அது. என் அக்கா ஒன்று செய்தாள். ஒவ்வொரு மாதமும் ஒரு குறிப்பிட்ட தேதியில், பெரிய தொகை இல்லை, தவறாமல் அனுப்பினாள். நன்றி சொல்லக்கூட விடவில்லை. அந்த ஒரு தேதியை வைத்து என் மாதக் கணக்கில் ஒரு தரை கிடைத்தது.

சில அறிகுறிகள் வந்தால் ஆற அமர யோசிக்க நேரமில்லை. "நான் இல்லாட்டி ஒரு வயிறு குறையும்" என்று ஒரு பெண் சொன்னால் அதை விரக்திப் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். இதைச் சொல்லிய பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அவளைத் தனியாக விடாமல், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்து, அவசரப் பிரிவுக்கோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ உடனே போக வேண்டும். பிள்ளைக்கு ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயம், பல நாள் தொடர்ந்து தூங்காமை, இல்லாத குரல் கேட்பது ஆகியவற்றுக்கும் இதேதான். சாப்பாடு கிடைத்தால் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது.

கடைசியாக, யாரும் எச்சரிக்காத ஒன்று. கணவருக்கு மறுபடி நிரந்தர வேலை கிடைத்து, அலமாரி நிரம்பிய பிறகும் என் கணக்கு நிற்கவில்லை. தேவைக்கு மேல் வாங்கி ஒளித்து வைத்தேன், சில நாட்களில் வயிறு வலிக்கும் வரை சாப்பிட்டேன், பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தால் கை நடுங்கும். ஆலோசகரிடம் சொன்னபோது, இல்லாமையிலிருந்து வெளியே வந்தவர்களிடம் இதெல்லாம் சகஜம் என்றார், மின்னசோட்டா இளைஞர்களும் பட்டினி முடிந்த பிறகு பல மாதம் அடங்காமல் சாப்பிட்டார்களாம். அவர் கொடுத்த யோசனை எளிமையானது. அலமாரிக் கதவுத் தாளை உடனே கிழிக்க வேண்டாம், தினமும் பார்ப்பதை வாரம் ஒருமுறை ஆக்குங்கள், அப்புறம் மாதம் ஒருமுறை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், பசித்தாலும் பசிக்காவிட்டாலும். இப்போது மாதம் ஒருமுறைதான் பார்க்கிறோம். அதுவும் பெரியவள்தான் எழுதுகிறாள், எழுதும்போது தனக்கு வேண்டிய நொறுக்குத் தீனியை முதல் வரியில் போட்டுவிடுகிறாள்.